‘உடைந்ததுதான் என்னைக் காப்பாற்றியது, இனி மாத்திரை எதற்கு?’

வாசகர் ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19 வருடம். கூட இருந்த இரண்டு பேர் விலகிப் போக, அவர்கள் இடத்துக்கு யாரையும் எடுக்காமல் ஒரு வருடத்துக்கு மேல் மூன்று ஆள் வேலையை இவரே பார்த்திருக்கிறார். ‘முடியாது’ என்று சொல்லிப் பழக்கமில்லை. ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி வாசல் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டுகிறார். “லேஸின் இரண்டு நுனியும் கையில் இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ!” பள்ளிக்குக் கிளம்பி வந்த 11 வயது மகள் ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டு லேஸைக் கட்டிவிட்டிருக்கிறாள். அதன் பிறகு தொடங்கிய அழுகை மதியம்வரை நிற்கவில்லை.

மருத்துவர் கடுமையான மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேச்சு. காலையில் கண் விழிக்காமலே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றிய நாட்கள் உண்டாம். இப்போது அந்த நினைப்பு இல்லை. விடுப்பு முடிந்து அரை நாள் வேலைக்குப் போகிறார். இரண்டு மாதமாக மனம் தெளிந்துவிட்டது என்கிறார். கடந்த மூன்று வாரம் இன்னும் விசேஷம்: “நான்கு மணி நேரம்தான் தூங்குகிறேன். களைப்பே இல்லை. விடியற்காலை எழுந்து எழுதுகிறேன். இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது.” வேலையை விட்டுவிட்டு, சேமிப்பில் பாதிக்கு மேல் போட்டு, ஒரு நண்பரோடு சேர்ந்து மனமுடைந்தவர்களுக்கு வழிகாட்டும் மையம் தொடங்கப் போகிறாராம். “உடைந்தது எனக்குக் கிடைத்த வரம். மாத்திரை இந்தத் தெளிவை மழுங்கடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆறு மாதக் கோர்ஸும் முடிந்துவிட்டது. நிறுத்தலாமா? மனைவியோ ‘நீங்க பழையபடி ஆனாப் போதும்’ என்கிறாள். அவளுக்குப் புரியவில்லை” என்று முடிக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டவை இரண்டு: மாத்திரையை நிறுத்தலாமா, வேலையை விடலாமா. இரண்டுக்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நான்கு மணி நேரத் தூக்கம், களைப்பில்லை என்ற வரி. அதை முதலில் பேசிவிடுவோம்.

தூக்கம் குறைந்தும் களைப்பு இல்லையென்றால்

மனச்சோர்வில் தூக்கம் கெடுவது சாதாரணம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஆனால் அப்படி விழித்தவருக்கு மறுநாள் உடம்பு ஈயமாகக் கனக்கும். தூக்கம் வேண்டும், கிடைக்கவில்லை என்ற தவிப்பு இருக்கும். உங்கள் விஷயம் வேறு. தூக்கம் குறைந்திருக்கிறது, உடம்பு அதைக் கேட்கவே இல்லை. எண்ணங்கள் ஒன்றை ஒன்று முந்துகின்றன. நோட்டு நிரம்புகிறது. 19 வருடம் ஒரு விடுப்புக் கேட்கவே தயங்கியவர், சேமிப்பில் பாதியை ஒரே முடிவில் எடுத்துப் போடத் தயாராக இருக்கிறார். இவையெல்லாம் சேர்ந்து நான்கு நாள் நீடித்தாலே மனநல மருத்துவர்களான எங்களுக்கு ‘ஹைப்போமேனியா’ என்ற ஒரு நிலை நினைவுக்கு வரும். மனம் அளவுக்கு மீறி மேலே எழும்பி நிற்கும் நிலை அது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையே சிலரை அங்கே தள்ளிவிடுவதுண்டு. முதலில் வெறும் மனச்சோர்வாகத் தெரிந்து, பிறகுதான் பைபோலார் (மனம் ஒரு காலம் மேலேயும் ஒரு காலம் கீழேயுமாக மாறும் நோய்) என்று பிடிபடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது எந்த மருத்துவருக்கும் அழகில்லை. மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தவர் வெளிச்சத்தைப் பார்த்த சந்தோஷத்தில் சில நாள் தூங்காமல் இருப்பதும் நடக்கிற விஷயம்தான். ஆனால் மூன்று வாரம் என்பது ‘சில நாள்’ கணக்கில் வராது. அதனால் அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த நிலையில் இருப்பவருக்குத் தன்னிடம் ஏதும் மாறியிருப்பதாகத் தெரியாது, நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். பேச்சு வேகமாகிவிட்டதா, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறாரா, பணம் கையில் நிற்கிறதா என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத்தான் படும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி மேலும் கீழுமாக மனநிலை மாறியதுண்டா என்று மருத்துவர் கேட்பார். வீட்டில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், உங்களைப் பார்த்த பிறகு மருத்துவரும் மாத்திரையைக் குறைக்கவோ மாற்றவோ சொல்லலாம். ஆனால் அவர் காரணம் வேறாக இருக்கும், குறைக்கும் விதமும் வேறாக இருக்கும். நீங்களாக நிறுத்திவிட்டு அவரிடம் போனால், தெரிவது மனநிலையின் மாற்றமா மருந்தை விட்டதன் விளைவா என்று அவருக்கே குழப்பமாகிவிடும். அவரைப் பார்க்கும்வரை ஒரு காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். பணத்தை எங்கும் மாற்ற வேண்டாம். இரவு எழுத்தையும் பகலுக்குத் தள்ளுங்கள்.

சரி, இனி உங்கள் கடிதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

உடைந்தது வரமா?

நீங்கள் ‘நெர்வஸ் பிரேக்டவுன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நோய்ப் பட்டியல்கள் எதிலும் அப்படி ஒரு பெயர் கிடையாது. மக்கள் வைத்த பெயர். ஆனாலும் நான் அதைத் திருத்துவதில்லை, ஏனென்றால் நடந்ததை அது சரியாகத்தான் சொல்கிறது. உடைவது என்றால் கத்தலும் கூச்சலுமாக இருக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது உங்கள் ஷூ லேஸ் மாதிரிதான் வரும். பல் தேய்க்கும் பிரஷைக் கையில் வைத்தபடி அரை மணி நேரம் நின்றவரைப் பார்த்திருக்கிறேன். தினமும் போடும் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்திருக்கிறேன். கடுமையான மனச்சோர்வு யோசனையையும் உடம்பின் அசைவையும் சேர்த்தே மந்தமாக்கும். யோசிக்காமல் கை தானாகச் செய்யும் வேலைகூட அப்போது பத்துப் படி உள்ள வேலையாகிவிடும்.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்த மனிதர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, நண்பரே. கற்றுக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. கற்றது அப்புறம் நடந்தது. விடுப்பில் இருந்தபோது, ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து பேசியபோது, மாத்திரை வேலை செய்யத் தொடங்கி மூளைக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தபோது. ‘வரம்’ என்று நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். உடைந்ததற்குக் கொடுக்கும் மரியாதையை அதற்குப் பிறகு நீங்கள் பட்ட பாட்டுக்குக் கொடுங்கள் என்பேன்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ரிச்சர்டு டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-களில் ‘அதிர்ச்சிக்குப் பின்னான வளர்ச்சி’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை 1996-ல் வெளியிட்டார்கள். பிறரோடு நெருக்கம், புதிய வழிகள், தன் பலத்தை உணர்வது, வாழ்க்கையின் அருமை தெரிவது, ஆன்மிக மாற்றம் என ஐந்து திசைகளில் அது பார்க்கிறது. நீங்கள் படித்ததாக எழுதியிருக்கும் கட்டுரை இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்த இருவரும் கூடவே சொன்ன வேறு சில விஷயங்களை யாரும் பரப்புவதில்லை. வளர்ச்சியைத் தருவது நடந்த சம்பவம் இல்லை, அதற்குப் பின் அதோடு மல்லுக்கட்டுவதுதான் என்றார்கள். வேதனை போய்த்தான் வளர்ச்சி வரும் என்பதில்லை, இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருக்கலாம் என்றார்கள். எல்லோருக்கும் இது வந்தே தீரும் என்றும் அவர்கள் சொல்லவில்லை.

இன்னொரு ஆய்வும் உண்டு, கொஞ்சம் கசப்பானது. பட்ரீசியா ஃப்ரேசியரும் சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களை ஒரு தேதியில் அளந்து வைத்துக்கொண்டு, இடையில் அதிர்ச்சியான அனுபவம் நேர்ந்தவர்களைப் பிறகு மறுபடி அளந்தார்கள். ‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்று அவர்கள் சொன்னதற்கும், முன்னும் பின்னும் அளந்ததில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வளர்ந்தோமா என்பதற்கு நம் மனம் அந்த நேரத்தில் தரும் சாட்சி மட்டும் போதாது, நாலு பேர் பார்க்கும்படி நடத்தையில் என்ன மாறியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

‘பட்டால்தான் புத்தி வரும்’ என்று உங்களிடம் பல பேர் சொல்லியிருப்பார்கள். இருக்கட்டும். என் தொழில் அனுபவத்தில் அதைவிட உண்மையான பழமொழி ‘பட்ட காலிலே படும்’ என்பதுதான். ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை வருகிறது. மறுபாதிக்கு வருவதில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. நீங்கள் எந்தப் பாதி என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அதில் உங்கள் கை கொஞ்சமாவது இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வருகிறவர் ஜான் ஸ்டூவர்ட் மில். ஆங்கிலேய தத்துவவாதி. சின்ன வயதிலிருந்தே தந்தை அவரைக் கடுமையாகப் படிக்க வைத்து வளர்த்தார். 1826-ல், 20 வயதில், மில் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நீ ஆசைப்படும் சீர்திருத்தமெல்லாம் இந்த நொடியே நிறைவேறிவிட்டால் உனக்குச் சந்தோஷமா? உள்ளிருந்து ‘இல்லை’ என்று பதில் வந்தது. அதோடு ஆள் சரிந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தந்தையிடம் சொல்வது என்பது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். மாதக்கணக்கில் இயந்திரம் போலத் தன் வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். பிறகு ஒரு நாள், யாரோ எழுதிய வாழ்க்கை நினைவுகளில் ஒரு சிறுவன் தந்தையை இழக்கும் இடத்தைப் படித்தபோது கண்ணீர் வந்தது. ‘நான் கட்டையாகிவிடவில்லை’ என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்து பாரம் மெல்லக் குறைந்தது. சந்தோஷத்தையே நேராகத் துரத்தினால் அது கிடைக்காது, வேறொன்றில் மனம் வைத்திருக்கும்போது வழியில் வந்து சேரும் என்ற முடிவுக்கு வந்தார். அறிவுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு பங்கை உணர்ச்சிக்கும் கவிதைக்கும் கொடுத்தார்.

இவரைச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பிறகும் பலமுறை அந்த இருட்டு திரும்பி வந்தது, சில முறை மாதக்கணக்கில் நீடித்தது, ஆனால் முதல் முறை அளவுக்கு மோசமாக ஒருபோதும் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இன்னொன்று, மில் வேலையை விடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் 1823-ல் சேர்ந்தவர் 1858 வரை அங்கேயே இருந்தார். புகழ்பெற்ற எழுத்தில் ஒரு நல்ல பகுதி அந்த வேலையில் இருந்தபடி எழுதியதுதான்.

உங்கள் எட்டுப் பக்கத்துக்குத் திரும்புகிறேன். மையத்தைப் பற்றி இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பெயர்ப் பலகையின் நிறம் வரைக்கும். ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: ‘போன மாதம் மேலாளர் கூப்பிட்டு இன்னொரு வேலையைத் தலையில் கட்டப் பார்த்தார். இன்று முடியாது, நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு பத்து நிமிடம் கை நடுங்கியது.’ அவ்வளவுதான், அடுத்த வரியில் வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டது அந்த வரிக்குத்தான். 19 வருடம் வாயில் வராத சொல் வந்திருக்கிறது. கை நடுங்க நடுங்க வந்திருக்கிறது. இந்த மூன்று வாரம் தொடங்குவதற்கு முன், ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் வந்திருக்கிறது. வளர்ச்சி என்றால் என் கண்ணுக்கு அது இப்படித்தான் தெரிகிறது. பார்க்கச் சலிப்பாக இருக்கும். பெயர்ப் பலகை வைக்க முடியாது.

யோசிப்பதிலும் இரண்டு வகை உண்டு. நாம் கூப்பிடாமல் வந்து சுற்றிச் சுற்றி அடிக்கும் எண்ணம் ஒன்று. நாமே நேரம் ஒதுக்கி உட்கார்ந்து, நடந்ததை எடுத்து வைத்துப் பார்ப்பது இன்னொன்று. பலன் தருவதாகத் தெரிவது இரண்டாவது. எழுதும் பழக்கத்தை விட வேண்டாம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வேண்டாம், மாலையில் ஒரு 15 அல்லது 20 நிமிடம் போதும். எழுதி முடித்ததும் மனம் கனத்தால் பயப்படாதீர்கள், அது சகஜம். பல நாள் தொடர்ந்து கனத்தால் நோட்டை ஆலோசகரிடம் எடுத்துப் போங்கள்.

மாத்திரை: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

‘ஆறு மாதக் கோர்ஸ்’ என்ற கணக்கில் ஒரு தவறு நுழைந்திருக்கிறது. முதல் முறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு நாங்கள் சொல்லும் குறைந்தபட்ச ஆறு மாதம், மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவது கிடையாது. நன்றாகத் தெளிந்த நாளிலிருந்து எண்ணுவது. உங்கள் கணக்குப்படியே தெளிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. (தூக்க விஷயத்தை மருத்துவர் பார்த்துத் தீர்மானித்த பிறகு இந்தக் கணக்கே மாறலாம், அது வேறு.)

2021-ல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. நெடுநாளாக மாத்திரை எடுத்து, ‘இப்போது நிறுத்திப் பார்க்கலாம்’ என்று எண்ணும் அளவுக்கு நலமாக இருந்த 478 பேர். பாதிப் பேருக்கு மாத்திரை தொடர்ந்தது. மறுபாதிக்குப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியவர்கள், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56 சதவீதம். இதை இரண்டு பக்கமும் படியுங்கள். நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு அது திரும்பவில்லை, எனவே ஆயுள் முழுக்க மாத்திரை என்று யாரும் பயமுறுத்தத் தேவையில்லை. தொடர்ந்தவர்களிலும் பலருக்குத் திரும்பியது, எனவே மாத்திரை மட்டுமே காவல் என்றும் இருக்கக் கூடாது. அவர்களில் பலருக்கு மனச்சோர்வு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்திருந்தது, அதனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் மேல் ஒட்ட முடியாது. ஆனால் நலமாக உணர்வதாலேயே நிறுத்தினால் ஆபத்தில்லை என்ற நினைப்புக்கு அதில் இடமில்லை.

மாத்திரை தெளிவை மழுங்கடிக்கும் என்ற பயத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். இந்த வகை மருந்தில் சிலருக்குச் சிரிப்பும் அழுகையும் இரண்டுமே பஞ்சு சுற்றியது மாதிரி ஆகிவிடுவது உண்மை. அப்படி இருந்தால் சொல்லுங்கள், அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம். ஆனால் நீங்கள் வரமாகக் கருதும் தெளிவு முழுக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் வந்தது என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கால் முறிந்தவருக்குக் கட்டுப் போடுவது அவரை நடக்கவிடாமல் தடுக்கவா?

நிறுத்தும் காலம் வரும்போது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். திடீரென விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், வினோதமான கனவு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற சுரீர் உணர்வு எல்லாம் வரலாம். அடிமையாகிவிட்டோம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் ‘நோய் திரும்பிவிட்டது’ என்று பதறி மறுபடி முழு அளவை விழுங்க வைக்கும்.

வேலை

உங்கள் வேலை உங்களை நசுக்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று ஆள் வேலையை ஒருவர் ஒரு வருடம் செய்தால் உடைவது அவருடைய பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கிருந்து வெளியே வருவது சரியான முடிவாகவே இருக்கலாம். எப்போது என்பதில்தான் நம் வேறுபாடு. கடும் சோர்வில் எடுக்கும் முடிவும் சரி, மனம் மிதக்கும்போது எடுக்கும் முடிவும் சரி, திருப்பி எடுக்க முடியாததாக இருந்தால் ஒத்திப் போடுங்கள் என்பேன். உண்மையான விருப்பம் ஆறு மாதத்தில் செத்துப்போகாது. தூக்கம் சரியாகி, மருத்துவர் நிலைமை சீராக இருக்கிறது என்று சொன்ன பிறகும் ராஜினாமா செய்யத் தோன்றினால் செய்யுங்கள். அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அரை நாள் வேலை முழு நாளாகும்போது என்னென்ன உங்கள் பொறுப்பு, என்னென்ன இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். என்ன நோய் என்று மேலாளருக்கு விளக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ‘மருத்துவக் காரணத்தால் இத்தனை மணி நேரத்துக்கு மேல் கூடாது’ என்று மருத்துவர் எழுதித் தரும் சான்று பெரும்பாலும் போதும்.

மையத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உடைந்து மீண்டவர் இன்னொருவருக்குத் துணையாக இருப்பது மதிப்புள்ள பணி. பல இடங்களில் அதற்கு முறையான பயிற்சியே தருகிறார்கள். ஆனால் மற்றவரின் தற்கொலை எண்ணத்தை எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வேலை அது. தெளிந்து இரண்டு மாதம் ஆனவருக்கு அந்தப் பாரம் கூடாது. முதலில் வேறொருவர் நடத்தும் குழுவில் ஓர் உறுப்பினராகப் போய் உட்காருங்கள். சேமிப்பு அங்கேயே இருக்கட்டும்.

‘பழையபடி’ என்று மனைவி சொல்வது

அவருக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அவருக்கு ஒரு விஷயம் உங்களைவிட நன்றாகப் புரிந்திருப்பதாகப் படுகிறது. ஏழு மாதம் வீட்டையும் பிள்ளையையும் உங்களையும் சேர்த்துத் தூக்கியவர் அவர். இரவில் நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று எழுந்து பார்த்ததாக நீங்களே ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் ‘பழையபடி’ என்றால், மூன்று ஆள் வேலை பார்த்த அந்த மனிதர் வேண்டும் என்று அர்த்தமா? எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லியிருப்பார். பழைய ஆளிடம் அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒருநாள் கேளுங்கள். பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். ஆலோசகரிடம் ஒரு அமர்வுக்கு இருவரும் சேர்ந்து போவதும் நல்லது. அங்கே அவரும் அழட்டும். இதுவரை அவருக்கு அதற்கு நேரம் கிடைத்திருக்காது.

கண் விழிக்காமலே இருந்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு இப்போது இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் அதை மனைவியிடமும் மருத்துவரிடமும் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லிவிடுங்கள். பேசினால் அந்த எண்ணம் வலுக்கும் என்பது தவறான பயம். அது திரும்பி வந்தால் அந்த நாளே யாரிடம் சொல்வது, எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவது, மாத்திரைகள் யார் கையில் இருப்பது என்று நலமாக இருக்கும் இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள். மனநிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாக மாறும் காலங்களில் இந்த ஏற்பாடு இன்னும் அவசியம்.

அதே தாளில் உங்களுடைய எச்சரிக்கை அறிகுறிகளையும் எழுதுங்கள். புத்தகத்தில் இருப்பவை வேண்டாம், உங்களுடையவை. ஷூ லேஸுக்கு முன் என்னென்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் இல்லையா? வரும் போன்களை எடுக்காமல் விட்டது, ஒரே தொகையை நான்கு முறை கூட்டிப் பார்த்தது, குளிக்கப் போவதைத் தள்ளிப்போட்டது. அதுதான் பட்டியல். அதன் கீழே கோடு போட்டு, மேலே போவதற்கான அறிகுறிகளையும் எழுதுங்கள்: தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே, இரண்டு இரவு தொடர்ந்து. அதை எழுதும் பொறுப்பை மனைவியிடம் விடலாம்.

கடைசியாக, மகள். தினமும் காலையில் நீங்கள் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வந்து உங்கள் காலைப் பார்த்துவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. 11 வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குத் தெரிந்தது பாதி, மீதியை அவளே இட்டுக்கட்டிக்கொண்டிருப்பாள், அதில் ‘என்னால்தானோ’ என்பதும் இருக்கும். உட்கார வைத்து வளர்ச்சி, பாடம், வரம் எதையும் பேச வேண்டாம். “அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போச்சு, மனசு சம்பந்தப்பட்டது, உன்னால் இல்லை. டாக்டர் பார்க்கிறார், மாத்திரை சாப்பிடுகிறேன். மறுபடி முடியாமல் போனால் அம்மாகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லுவேன், நீ பார்த்துக்கணும்னு இல்லை. அன்னிக்கு லேஸ் கட்டிவிட்டதுக்குத் தேங்க்ஸ்.” இவ்வளவு போதும். அவள் ஏதாவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆனால் முதலில் மருத்துவர், இந்த வாரமே.